குழல்காரன் நாடகம்

1901 நவம்பர் 4
இரண்டாம் அங்கம் முடிந்தது. சீமைக் கதையைச் சங்கீத நாடகமாக்குவது இத்தனை பாடு என்று தெரிந்திருந்தால் தொட்டிருக்கவே மாட்டேன். சுரங்கத்து டைம் ஆபீஸில் ஆஜர் எழுதும் டக்ளஸ் சொன்ன கதை எளிதுதான். ஓர் ஊரில் எலி பெருகிவிடுகிறது. குழல்காரன் ஒருவன் ஊதி ஊதி எலிகளை ஆற்றில் இறக்குகிறான். ஊரார் வாக்குத் தவறவே மறுபடி ஊதுகிறான். இம்முறை பின்னால் போவது பிள்ளைகள். மலை திறந்து அவர்களை விழுங்கிக்கொள்கிறது.
என் நாடகத்தில் ஊர் இந்தத் தங்க வயல். மலைக்குப் பதில் சுரங்க வாய். குழல்காரன், பெருமாள். பூமிக்கடியில் பாறை துளைக்கிறவனுக்கு அப்படியொரு குரல்! பிள்ளைகளாக என் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இருபது பேர். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் அரங்கேற்றம்.

நவம்பர் 19
கோலாரில் பிளேக் என்கிறார்கள். இங்கே இல்லை.

நவம்பர் 27
கூலிக்காரர் வீட்டு வரிசைகளில் மூன்றாம் லைனில் எலி செத்துக் கிடந்ததாம். "இந்த நேரத்துல எலிப் பாட்டு வேணுமா?" என்றாள் ஐடா. பெண்டாட்டியே இப்படிக் கேட்டால்?

டிசம்பர் 8, ஞாயிறு
நாடகப் பிள்ளைகளில் ஒருத்தி, சம்பங்கி, இரண்டு நாளாகப் பயிற்சிக்கு வரவில்லை. மூன்றாம் லைனில் அவள் வீட்டுக்குப் போனேன். சுரம் கொதிக்கிறது, அக்குளில் எலுமிச்சை அளவு நெறி கட்டியிருக்கிறது. அவள் அம்மா வெங்கடம்மா கதவைச் சாத்திவிட்டு என் காலைப் பிடித்தாள். "யாருகிட்டயும் சொல்லாதீங்க வாத்தியாரே. பிளேக் கேம்புக்குத் தூக்கினு போனா எம்பொண்ணு திரும்ப மாட்டா."
சொல்லமாட்டேன் என்று வந்துவிட்டேன்.
சொன்னால் மூன்றாம் லைனையே காலி செய்வார்கள். பள்ளிக்கூடத்தை மூடுவார்கள். நாடகம் நின்றுபோகும். இரக்கத்தால்தான் வாயை மூடிக்கொண்டேனா?

டிசம்பர் 9
பயிற்சி நடந்தது. பெருமாளின் மகன் ராஜப்பா தன் பாட்டைப் பிசகில்லாமல் பாடினான். அவர்களும் மூன்றாம் லைன்தான்.

டிசம்பர் 13
மூன்றாம் லைனில் ஐந்து பேருக்குக் கண்டுவிட்டது. இன்றுதான் பிளேக் ஆபீஸ் ஆட்கள் வந்து வீடுகளைக் காலி செய்தார்கள். ராஜப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு பெருமாள் கேம்புக்கு நடந்தான். "ஒண்ணும் ஆவாது வாத்தியாரே. நாடகத்துக்குள்ள எழுந்துடுவான்." எனக்கு அவன் ஆறுதல் சொல்கிறான்!

டிசம்பர் 16
ராஜப்பா இறந்துபோனான். ஒன்பது வயது.

டிசம்பர் 20
ஐடாவிடம் சொல்லிவிட்டேன். "அஞ்சு நாளு முன்னாடியே தெரியுமா ஒங்களுக்கு?" என்றாள்.
ஐந்து நாள். அந்த ஐந்து நாளில் லைனைக் காலி செய்திருந்தால் — இன்னா மனுசன் நான்? கர்த்தரே, மன்னிப்புக் கேட்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையைத் திருப்பிக் கொடும்.

1902 ஜனவரி 21
பிளேக்கால் மூடியிருந்த பள்ளிக்கூடம் திறந்தது. நாடகம் நடக்கவேயில்லை. சம்பங்கி எலும்பும் தோலுமாக வந்தாள். கட்டி உடைந்து பிழைத்துவிட்டாள். வெங்கடம்மா நான்கு முட்டை கொண்டுவந்து வைத்தாள். "நீங்க வாயத் தொறக்காததாலதான் இவ உசிரோட கீறா."
தின்ன முடியவில்லை.

பிப்ரவரி 11
இனித் தாங்காது. ஷிப்டு முடிந்து வந்த பெருமாளை வழியில் நிறுத்தி, சம்பங்கிக்குக் கண்டதை மறைத்தேன் என்று சொல்லிவிட்டேன். அடிப்பான் என்று நின்றேன்.
"ஏன் வாத்தியாரே?"
"நாடகம் நின்னுடுமேன்னு."
தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். போய்விட்டான்.

பிப்ரவரி 24
பெருமாள் வந்தான். உட்காரவில்லை. நாடக நோட்டைக் கேட்டான். "எம்புள்ள மனப்பாடம் பண்ணது. நாங்க ஆடப்போறோம். நீங்க வர வேணாம்."
எடுத்துக் கொடுத்தேன்.

மார்ச் 9
சாயங்காலம் மைதானத்தில் நாடகம். ஐடா போயிருக்கிறாள். நான் எங்கள் வீட்டு வாசலில்தான். அங்கே நின்றால் பாட்டெல்லாம் தெளிவாகக் கேட்கிறது.
கடைசியில் நான் எழுதாத ஒரு பாட்டு. சுரங்கம் விழுங்கிய பிள்ளைகளைப் பெருமாள் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான். ஒவ்வொரு குரலாகப் பதில் பாடிக்கொண்டு வெளியே வருகிறது. சம்பங்கியின் குரல் வந்தது. ராஜப்பா என்று கூப்பிட்டான். ஆர்மோனியம் நின்றுவிட்டது. இன்னும் இரண்டு முறை கூப்பிட்டான்.
பிறகு அடுத்த பிள்ளையின் பெயரைப் பாடினான்.