பிசினாரி வீட்டுச் சுடுதண்ணீர்

என் அன்பு அக்கா,

உன்னை அடக்கம் செய்துவிட்டு வந்தவர்களின் தலை ஈரம்கூடக் காயவில்லை. அதற்குள் உன்னைப் பிசினாரி என்று சொல்லிவிட்டார்கள். அழுகையைவிட எனக்கு ஆத்திரம்தான் அதிகமாக வருகிறது.

சொன்னது யார் தெரியுமா? நம் சித்தப்பா மகன் குமார். மயானத்திலிருந்து மழையில் நடுங்கிக்கொண்டு வந்தவர்களுக்கு, தோட்டத்தில் எந்தச் சாவு விழுந்தாலும் நடப்பதுபோல உன் வாசலில்தான் அண்டா கொதித்தது. முதல் ஆளாகத் தலைக்கு ஊற்றிக்கொண்டு பக்கத்தில் நின்றவரிடம் சொல்கிறார்:

"தண்ணி நல்ல சூடு லா. ஆனா அக்கா இருக்காங்களே, பிரிஞ்சாங் டவுன் ஹோம்ஸ்டேயில தங்குற டூரிஸ்டுக்குக் கோழி வாட்டணும், ஒரு மூட்ட வெறகு குடுங்கன்னு கேட்டேன். இல்லன்னுட்டாங்க. சரியான பிசினாரி!"

எனக்கு வந்ததே கோபம்! "அண்ணே, இந்தத் தண்ணி எந்த வெறகுல காஞ்சிச்சு?" என்று கேட்டுவிட்டேன்.

"சாவு வீட்டுல சத்தம் போடாத லா" என்று துண்டை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

கவாத்து வெட்டிய தேயிலைக் கட்டைகளை மலைச்சரிவிலிருந்து நீதானே சுமந்து வந்தாய்? இந்தக் குளிரிலும் நீ குளித்தது பச்சைத் தண்ணீரில். தனக்கு வைத்துக்கொண்டு பிறருக்கு இல்லை என்பவர்தானே பிசினாரி? தனக்கே இல்லை என்றவளுக்கு என்ன பெயர்?

விறகு எதற்கென்று வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே என்று ஒருமுறை சண்டை போட்டேன். நீ சிரித்தாய். "அடுத்த சாவுக்கு வச்சிருக்கேன்னு எப்படிடீ சொல்றது? யாரு சாவுக்குன்னு கேப்பாங்க."

லயத்து வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்று தோட்ட நிர்வாகத்திடம் போனால், இந்த வருடம் சிக்கனம் என்கிறார்கள். நாமும் தலையாட்டிவிட்டு வந்து வாளியை வைக்கிறோம். மேனேஜர் துரையை யாராவது பிசினாரி என்று சொல்லிக் கேட்டிருக்கிறாயா? அந்தச் சொல்லை நமக்கு நாமே வைத்துக்கொள்கிறோம், அக்கா. அதுவும் தனியாக வாழ்ந்த ஒரு பொம்பளை என்றால் எவ்வளவு சுலபமாக வருகிறது!

உன் விறகு பாதிக்கு மேல் தீர்ந்துவிட்டது. மீதியை நனையாமல் மூடி வைத்திருக்கிறேன். மழை விட்டதும் நானே கட்டை பொறுக்கப் போவேன். குமார் அண்ணன் வந்து கேட்டால் நானும் இல்லை என்பேன். என்னையும் பிசினாரி என்று சொல்லட்டும். ஒருநாள் அவரை மயானத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறவர்களுக்கும் இந்த வாசலில் தண்ணீர் சூடாக இருக்கும். இது சத்தியம்.

இப்படிக்கு,
பிசினாரியின் தங்கச்சி