புகை இல்லாத வண்டி

புதுச்சேரி,
வியாழக்கிழமை.

அன்புள்ள சுமலதாவுக்கு,

அண்ணி எழுதுவது. நீயும் பிள்ளைகளும் நலம்தானே? போனில் இரண்டு முறை கேட்கப் பார்த்தேன், பேச்சை மாற்றிவிட்டாய். அதனால்தான் மஸ்கட் திரும்பும் உன் தோழி கலைவாணியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

மின்சார கார் வாங்கிய கதையை உன் அண்ணன் சொல்லியிருப்பார். நன்றாக ஓடிய பழைய காரை விற்றுவிட்டார். பிள்ளைச்சாவடியில் கடல் ஊருக்குள் வருவதற்கு நம் வண்டிப் புகையும் காரணமாம். மகள் பாரதிக்குக் கல்லூரி போகும் வழியெல்லாம் இதே பாடம். காலிப் பால் கவரை வாய்க்காலில் வீசுகிற மனிதர்! சார் எப்போதிலிருந்து பூமியைக் காப்பாற்றக் கிளம்பினார் என்று எதிர்வீட்டு இராமதாஸ் என்னிடம் கேட்டுச் சிரித்தார். ஆபீசில் யாரோ வாங்கியிருப்பார்கள், அந்தப் பெருமைக்குத்தான் என்று நானும் நினைத்தேன்.

போன ஞாயிறு தவளக்குப்பத்தில் ஒரு நிச்சயதார்த்தம். பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த நம் உறவுக்காரர் அன்பழகன், வாசலை மறித்து நின்ற தன் காரைத் தள்ளி நிறுத்தச் சொல்லி இவரிடம் சாவியை நீட்டினார். இனிமேல் பெட்ரோல் வண்டியைத் தொடுவதில்லை என்று இவர் மறுத்துவிட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். நான்தான் போய் எடுத்தேன். கிளச்சை இடது காலால் மிதித்தபோதுதான் உறைத்தது. இவருடைய புது வண்டியில் இடது காலுக்கு வேலையே இல்லை.

கியர் இல்லாத பெட்ரோல் வண்டி வாங்கியிருந்தால் ஏன் என்று கேட்டிருப்போம். பூமிக்காக என்றால் யார் கேட்கப்போகிறார்கள்?

அன்றிலிருந்து கவனிக்கிறேன். இடது செருப்பு தெருவிலேயே கழன்றது தெரியாமல் படியேறி வருகிறார். வெந்நீர் பட்டுக் கொப்பளித்த அவருடைய கால்விரலைக் காட்டினால், அப்படியா என்கிறார். அவருடைய சர்க்கரை டெஸ்ட் ரிப்போர்ட் என் கண்ணில் பட்டு ஒரு வருடமாகிறது.

நீ நர்ஸ். ஜூனில் வந்தபோது இருவரும் கதவைச் சாத்திக்கொண்டு அரைமணி நேரம் பேசினீர்கள். எங்களுக்கெல்லாம் பேரீச்சம்பழம், அவருக்கு மட்டும் மெத்தென்ற செருப்பு. சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருப்பார். உன்மேல் கோபமில்லை என்று எழுத நினைத்தேன், முடியவில்லை.

சர்க்கரையால் கால் இப்படி மரத்துப்போவது ஒரு காலோடு நிற்காது என்று படித்தேன். பாரதியை அவர்தான் தினமும் கடலூர் சாலையில் கூட்டிப்போகிறார். பிரேக்கை வலது காலால்தான் மிதிக்க வேண்டும். அந்தக் காலைப் பற்றி உன்னிடம் என்ன சொன்னார்? கடிதம் கைக்கு வந்ததும் அதை மட்டும் சொல்லிவிடு.

அதுவரை கார் சாவி என் கைப்பையில் இருக்கும். இன்று காலையிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறார். தேடட்டும்.

நீயும் உன் வீட்டாரும் நோய்நொடியில்லாமல் இருக்க வேண்டும்.

உன் அண்ணி,
நிர்மலாதேவி