ஓரடிக்குக் கீழே

மார்ச் 4, செவ்வாய்
ஆடுகளை மேட்டில் விட்டுவிட்டு வந்தேன். முப்பத்தொன்று. அப்பாவுக்கு இருமல் அதிகம், அதனால் இன்றைக்கும் நான்தான். மேடு முழுக்க சரளைக் கல். கல்லுக்கு நடுவே புல் கொத்துக் கொத்தாக நிற்கிறது, முட்டிவரைகூட வராது. ஆனால் ஆடு அதைத்தான் தேடிப் போகிறது.

அம்மா இறந்து ஐந்து மாதம். அதோடு நான் பள்ளிக்கூடம் போவது நின்றது. யாரும் நிற்கச் சொல்லவில்லை. ஒரு நாள் போகவில்லை, மறுநாளும் போகவில்லை, அவ்வளவுதான்.

இதை எழுதினால் அழுகையாவது வரும் என்று பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் வரவில்லை.

மார்ச் 6, வியாழன்
அக்காவும் அத்தானும் எங்களோடு இருக்க வந்ததிலிருந்து அத்தானுக்கு மேட்டின்மேல் ஒரு கண். அங்கே எலுமிச்சை போடலாமாம். ஆடுகளை விற்றுவிட்டால் அப்பா நிம்மதியாக உட்காரலாமாம்.

"எத்தனை நாளைக்கு இருமிக்கிட்டே ஆட்டுக்குப் பின்னாடி ஓடுவீங்க?" என்று அக்கா கேட்டாள். அவள் கேட்டதில் தப்பில்லை.

அப்பா இருமி முடித்துவிட்டுச் சொன்னார்: "மண்ணைச் சோதிச்சுப் பாருங்க. மண்ணு ஆகும்னா ஆட்டை வித்துடலாம். ஆகாதுன்னா பேச்சை விடுங்க."

பழ மரம் என்பதால் மண் பரிசோதனை ஆபீசுக்கு மூன்றடிவரை தோண்டி மண் கொடுக்க வேண்டும். அடிக்கு ஒரு பை, மொத்தம் மூன்று பை. அத்தானுக்கு இடுப்புப் பிடிப்பு. "ஊமைக்கிளி, நீயே எடுத்துட்டு வா. பேச வேண்டாத வேலை, உனக்குத் தோதா இருக்கும்" என்றார்.

மார்ச் 8, சனி
கடப்பாரையோடு போனேன். முதல் அடி எப்படியோ வந்துவிட்டது. மண்ணைவிடக் கல் அதிகம். மண் வெளிறிப்போய், கையில் மாவு மாதிரி ஒட்டுகிறது. ஒவ்வொரு கல்லையும் திருப்பிப் பார்த்தேன்: மேல்பக்கம் சுத்தமாக இருக்கிறது, அடிப்பக்கம் மட்டும் சுண்ணாம்பு பூசினமாதிரி வெள்ளைப் பற்று.

பிறகு டங்கென்று ஒரு சத்தம். கீழே வெள்ளைப் பாறை. சுக்கான் பாறை என்று அப்பா சொல்வாரே, அது. தளம் போட்ட மாதிரி கிடந்தது. பக்கத்துப் புதரின் வேர் அதுவரைக்கும் இறங்கி வந்து, முட்டி, படுத்துக்கொண்டு பக்கவாட்டில் போயிருந்தது. தள்ளித் தள்ளி இன்னும் மூன்று இடத்தில் குத்தினேன். எல்லா இடத்திலும் அதே டங்.

உள்ளங்கை கொப்புளித்துத் தண்ணீர் வந்தது. பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

ஒரு பையோடு வீட்டுக்குப் போனால் ஏன் என்று அத்தான் கேட்பார். அக்கா கேட்பாள். அப்பா கேட்பார். மூன்று பேருக்கும் பதில் சொல்ல வேண்டும். மேட்டுக்குக் கீழே ஓடை அறுத்த கரை இருக்கிறது, என் உயரத்துக்கு, மெத்தென்று பழுப்பு மண். இரண்டு பையை அங்கே நிரப்பினேன். 2 என்றும் 3 என்றும் எழுதிக் கட்டினேன்.

பொய் சொல்லவில்லை. ஒன்றுமே சொல்லவில்லை.

மார்ச் 9, ஞாயிறு
"பரவாயில்லையே, மூணடி தோண்டிட்டியே!" என்றார் அத்தான். தலையாட்டினேன்.

மார்ச் 24, திங்கள்
முடிவு வந்துவிட்டது. அக்கா சத்தமாகப் படித்தாள். மேல்மண்ணில் சுண்ணாம்பும் சரளையும் அதிகம். அடிமண் ஆழமானது, நல்லது. குழியில் எருவிட்டு எலுமிச்சை வைக்கலாம்.

அப்பா இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். "புல்லு அவ்வளவு குட்டையா நிக்குதே. கீழ அத்தனை மண்ணா இருக்கு?" என்றார். யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை. நான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். துலக்கினதையே மறுபடி துலக்கினேன்.

மார்ச் 29, சனி
பதினைந்து ஆடுகள் வண்டியில் போயின. மற்றவை அடுத்த வாரம். கயிற்றைப் பிடித்துக்கொண்டது நான். அப்பா ஒவ்வொன்றின் காதையும் தொட்டுத் தொட்டு ஏற்றிவிட்டார். வண்டி போனபிறகு கையை எங்கே வைப்பது என்று தெரியாதவர் மாதிரி நின்றார்.

நான் சாப்பிட்டேன். தூங்கினேன். என்ன பிறவி நான்?

ஏப்ரல் 2, புதன்
நாளைக் காலையில் மேட்டை உழ டிராக்டர் வருகிறது. "கீழ் மண்ணு மேட்டு மண்ணு இல்ல." இவ்வளவுதான் சொல்ல வேண்டும். கொல்லைக் கதவைப் பார்த்து இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன்.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்றாள் அக்கா.

"ஒண்ணுமில்ல."

அம்மாவாக இருந்தால் ஒண்ணுமில்லை என்பதை நம்பியிருக்க மாட்டாள்.

ஏப்ரல் 3, வியாழன்
டிராக்டர் வந்தது. முதல் உழவுசாலில் வெள்ளைத் தூசி எழும்பியது. புல் வேரோடு புரண்டு கிடந்தது, வேர் எல்லாம் தட்டையாக. ஒரு பட்டை முடிந்து இரண்டாவதின் பாதியில் கலப்பைக் கொழு உடைந்தது. டிரைவர் இறங்கிப் பார்த்தார். "என்னங்க, காங்கிரீட்ல விவசாயம் பண்றீங்களா?"

"ஏதோ ஒத்தைப் பாறை. வேற கொழு மாட்டித் தள்ளி ஓட்டுங்க" என்றார் அத்தான்.

மாட்டினார்கள். வண்டி உறுமியது. நான் போய் முன்னால் நின்றேன். எப்படிப் போனேன்னு தெரியல. காலு தானா போச்சு. டிரைவர் கத்துறார், "நகரும்மா, நகரு!" அத்தான் கத்துறார். அப்பா ஓடி வர்றார், இருமிக்கிட்டே.

"ரெண்டாவது பையும் மூணாவது பையும் ஓடையில எடுத்தேன்ப்பா. இங்க தோண்ட முடியல. எங்க குத்தினாலும் பாறை."

வண்டியை நிறுத்திட்டாங்க.

"அன்னைக்கே சொல்றதுக்கென்ன? வாய்க்குப் பூட்டா போட்டிருந்துச்சு?" அத்தான் கேட்டது இது.

"பதினஞ்சு ஆடு போச்சேடி பாவி" அக்கா.

அப்பா உடைந்து கிடந்த வெள்ளைக் கட்டி ஒன்றை எடுத்தார், பார்த்தார், எடுத்த இடத்திலேயே வைத்தார். அவர் அடித்திருக்கலாம். நான் ஏன் சொல்லல? ஒரு வார்த்தைதானே? ஏன்?

ஏப்ரல் 11, வெள்ளி
மண் ஆபீசர் அம்மாவை அத்தான் அழைத்து வந்தார். நான் சொன்னதை நம்பவில்லையா, நம்ப விரும்பவில்லையா, தெரியாது. அந்த அம்மா சின்ன பாட்டிலில் ஏதோ அமிலம் வைத்திருந்தார். மேட்டு மண்ணில் நாலு சொட்டு விட்டார். சீறிக்கொண்டு நுரைத்தது. பாறையிலும் நுரை. ஓடை மண்ணில் விட்டபோது முணுமுணு என்று ஏதோ, அவ்வளவுதான்.

"எலுமிச்சை வெச்சீங்கன்னா இலை மஞ்சளாப் போகும். வேர் இந்தப் பாறையில முட்டும். பெய்யுற கொஞ்ச மழையும் சரளை வழியா ஓடிடும். இது புல்லுக்கான மண்ணுங்க. கலைக்காம விட்டா அது பாட்டுக்குக் குடுத்துக்கிட்டே இருக்கும்."

"உழுத இடம்?" என்று அப்பா கேட்டார்.

"அங்க புல்லு திரும்ப வர வருஷக்கணக்காகும்."

கடைசியில், "பையை யாரு நிரப்பினது?" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "கல்லு குப்பை இல்லாம நல்லாத்தான் எடுத்திருக்கே. இடம்தான் வேற" என்றார். அத்தானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திரும்பிக்கொண்டார்.

ஏப்ரல் 15, செவ்வாய்
அக்கா என்னோடு பேசவில்லை. பன்னிரண்டு நாள்.

ஏப்ரல் 20, ஞாயிறு
காற்று. உழுத பட்டையிலிருந்து தூசி கிளம்பி வீட்டுக்குள் வந்தது. அக்கா இரண்டு தடவை பெருக்கினாள். மூன்றாவது தடவை துடைப்பத்தை என் மடியில் போட்டாள். "உன் மண்ணு. நீயே கூட்டு."

கூட்டினேன். பேசிவிட்டாளே.

மே 6, செவ்வாய்
அத்தான் ஓட்டுநர் வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டார். ஆடு விற்கிற பேச்சு இல்லை. அப்பாவும் நானும் முள் கிளைகளை வெட்டி உழுத பட்டையில் பரப்பினோம், காற்று மண்ணை அள்ளாமல் இருக்க, ஆட்டுக் கால் படாமல் இருக்க. காலையிலிருந்து குனிந்தே வேலை. அப்பா நடுநடுவே உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

மத்தியானம் ஒரு முள் என் உள்ளங்கையில் முழுசாக ஏறிவிட்டது. கத்தினேன்.

அப்பா நிமிர்ந்தார். "அடேயப்பா! இவ்வளவு சத்தம் உன்கிட்ட இருந்துச்சா?"

முள்ளை எடுத்துவிட்டார். எடுத்த பிறகும் என்னால் நிறுத்த முடியவில்லை. அம்மா அம்மா என்று அழுதேனாம், அப்பா பிறகு சொன்னார். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சரளையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஆடுகள் மேய்வதை விட்டுவிட்டுத் தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தன. பதினாறும்.