தட்டின் நடுவில் ஒரு மேடு

ஏப்ரல் 6

அன்புள்ள தம்பிக்கு,

விடுதிக்கு வந்து சேர்ந்துவிட்டேன். நர்ஸ் பயிற்சி நாளை தொடங்குகிறது. நடுவில் ஊருக்குப் போனால் பெயரை அடித்துவிடுவார்களாம். என் மகள் சிட்டு உன்னிடம் ஒழுங்காகச் சாப்பிட்டால்தான் நான் இங்கே இருக்க முடியும். இல்லையென்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

மறுபடியும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. வெறும் சோறு, வேகவைத்த உருளைக்கிழங்கு. இரண்டும் ஒன்றோடொன்று படக் கூடாது. "பட்டா வாயில வேற மாதிரி ஆயிடுதும்மா" என்பாள். அடம் இல்லை, அவள் நாக்கு அப்படி. "ரெண்டு நாள் பட்டினி போடு, தானா வழிக்கு வருவா" என்று யாராவது வந்து சொல்வார்கள். அவர்களுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடு.

அவள் பையில் நம் வீட்டுப் பழைய தட்டு இருக்கிறது. அதில்தான் போட வேண்டும்.

அன்புடன்,
அக்கா

ஏப்ரல் 12

அன்புள்ள அக்காவுக்கு,

திட்டாமல் படி. முதல் மூன்று நாள் உன் மகள் சமர்த்தாகச் சாப்பிட்டாள். பட்டறை வாசலில் உட்கார்ந்து, நான் குடம் தட்டும்போதெல்லாம் காதைப் பொத்திக்கொள்வாள், ஆனால் போக மாட்டாள்.

பிறகு பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. அந்தத் தட்டில் ஓர் ஒடுக்கு இருந்ததா? பாத்திரக்காரன் கை சும்மா இருக்குமா? ஒடுக்கு எடுத்து, மெருகேற்றி, புதுசு மாதிரி அவள் முன்னால் வைத்தேன். குப்புறத் திருப்பிப் பார்த்தாள். தள்ளி வைத்துவிட்டாள்.

அதிலிருந்து பாலும் பிஸ்கட்டும்தான். கடையில் தடுப்பு வைத்த தட்டு வாங்கி வந்தேன். "இது அது இல்ல மாமா." அவ்வளவுதான் பேச்சு. அழவும் இல்லை. அழுதால்கூடத் தேவலை.

எனக்குப் பயமாக இருக்கிறது. வந்துவிடு அக்கா.

தம்பி

ஏப்ரல் 16

அன்புள்ள தம்பிக்கு,

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அது ஒடுக்கு இல்லையடா. அப்பா அடித்தது. உனக்காக.

உனக்கு அப்போது நான்கு வயது இருக்கும். சோற்றில் ஒரு சொட்டுக் குழம்பு பட்டாலும் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்வாய். அம்மா கரண்டியைத் தூக்குவாள். ஒரு நாள் அப்பா தட்டை வாங்கிக்கொண்டு பட்டறைக்குப் போனார். மரக்கட்டையில் கவிழ்த்து, கொட்டாப்புளியால் தட்டி, நடுவில் ஒரு மேடு எழுப்பிக் கொண்டுவந்தார். "இந்தாடா, இனி ரெண்டும் சண்டை போடாது" என்றார். நீ வெளியே வந்து சாப்பிட்டாய். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அந்த வீட்டில் எனக்கு மிகவும் பிடித்த நாள் அதுதான்.

இப்போது கல்லைத் தின்று செரிக்கிறாய், எப்படி ஞாபகம் இருக்கும்?

விடுப்பு விண்ணப்பம் எழுதிவிட்டேன். பயிற்சி போனால் போகட்டும். திங்கட்கிழமை வரை உன் பதிலுக்குக் காத்திருப்பேன்.

அக்கா

ஏப்ரல் 19

அன்புள்ள அக்காவுக்கு,

தட்டைக் கவிழ்த்துப் பார்த்தேன். அப்பாவின் அடித் தடம் ஒன்றுகூட மிச்சமில்லை. அவ்வளவு சுத்தமாக வேலை செய்திருக்கிறேன்.

பிறகு அவருடைய கொட்டாப்புளியைத் தேடி எடுத்தேன். சத்தம் வராமல் இருக்கத் துணி சுற்றினேன். சிட்டு வாசலிலிருந்து மெல்லக் கிட்டே வந்தாள். "இங்க மாமா. இன்னும் கொஞ்சம். போதும், நிறுத்து." உயரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியவில்லை, அவள் விரலுக்குத் தெரிந்திருந்தது. பளபளப்புப் போக மணல் போட்டுத் தேய்த்தோம்.

இந்தப் பக்கம் சோறு, அந்தப் பக்கம் கிழங்கு. மெதுவாகத்தான் சாப்பிட்டாள். மறுசோறு கேட்டாள்.

எனக்கும் ஒரு தட்டு அடித்துக்கொண்டேன். குழம்பு படாத சோறு நன்றாகத்தான் இருக்கிறது, அக்கா. என் தட்டில் மேடு கோணல் என்கிறாள் உன் மகள்.

விண்ணப்பத்தைக் கிழித்துப் போடு. நீ வர வேண்டாம்.

தம்பி