யானை குளிக்கிறது

இன்று காலை புளியும் சாம்பலும் போட்டு உங்கள் டிரம்பெட்டைத் தேய்த்தேன். அதை ஊத இந்த வீட்டில் ஆள் கிடையாது. இருந்தாலும் பித்தளை என்றால் தேய்க்காமல் என்னால் இருக்க முடிவதில்லை. தேய்த்து முடித்த பிறகு கையெல்லாம் அந்தப் புளித்த வாசனை. எத்தனை முறை கழுவினாலும் போகாது. உங்கள் மீசையில் எப்போதும் அடித்துக்கொண்டிருந்த வாசனை அது. அதனால்தான் வேலையைப் போட்டுவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். மடத்துப் பள்ளியில் கன்னியர்கள் காதைத் திருகிச் சொல்லிக்கொடுத்த எழுத்து, உங்கள் அக்காவுக்குக் கடிதம் போட மட்டும்தான் இதுவரை உதவியது. உங்களுக்கு ஒரு வரி எழுதியதில்லை. எழுதும்படி நீங்கள் எங்கே போனீர்கள்? பக்கத்திலேயேதானே இருந்தீர்கள்.

பாலக்கரையில் நமக்கு வாய்த்தவை ஓர் ஓட்டுவீடு, ஒரு பசு, இந்த டிரம்பெட். பாண்டு செட்டில் நீங்கள் முன்வரிசை. கல்யாணமோ சாவோ திருவிழாவோ, மெட்டு உங்களுடையது. மற்றவர்கள் பின்னால் வருவார்கள். அந்தப் பெருமை உங்களுக்குக் கொஞ்சம் அதிகம்தான். இஸ்திரி போட்ட சட்டையில் ஒரு மடிப்பு விழுந்தாலும் என்னைத்தான் முறைப்பீர்கள்.

மாதா கோயில் திருநாள் ஊர்வலத்தில் தெருமுனை வந்தால் பாண்டுக்காரர்கள் சப்பரத்தின் பக்கம் திரும்பி, மாதாவைப் பார்த்து நின்று ஊத வேண்டும் என்பது வழக்கம். அந்த வருடத் திருநாளில் நீங்கள் அப்படித் திரும்பி நின்று ஊதியபோது, சப்பரம் தூக்கியவர்களில் ஒருவருக்குக் கால் இடறியது. சப்பரத்தின் தண்டு நேரே வந்து டிரம்பெட்டின் வாயில் இடித்தது. டிரம்பெட் உங்கள் வாயில் இடித்தது. முன்பல் இரண்டும் போயின. மெட்டை முடித்துவிட்டுத்தான் ரத்தத்தைத் துடைத்ததாக எல்லோரிடமும் சொன்னீர்கள். நான் அப்போதும் நம்பவில்லை, இப்போதும் நம்பவில்லை.

புண் ஆறியதும் கொல்லையில் நின்று ஊதிப் பார்த்தீர்கள். பல் இருந்த இடத்தில் காற்று ஒழுகியது. மெட்டு வரவில்லை, 'ங்மே' என்று என்னவோ வந்தது. கட்டியிருந்த நம் பசு செவலை சட்டென்று திரும்பிப் பார்த்து, 'ம்மா' என்று பதில் கொடுத்தது. எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. நீங்கள் சிரிக்கவில்லை.

பாண்டு மாஸ்டர் நல்ல மனிதர்தான். "பல்லு இல்லாம மெட்டு நிக்காதுப்பா. கொஞ்ச நாளைக்கு ஜால்ரா போடு, பாக்கலாம்" என்றார். ஒரு கல்யாணத்துக்கு ஜால்ராவோடு போனீர்கள். வந்து, சட்டையைக் கழற்றாமலே வாசற்படியில் உட்கார்ந்தீர்கள்.

"என்னைக் கைதட்டற பொம்மையா ஆக்கிட்டாங்கடி."

அவ்வளவுதான் சொன்னீர்கள். அதற்குப் பிறகு யார் கூப்பிட்டும் பாண்டுக்குப் போகவில்லை. சாப்பாட்டைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, செவலை கறந்துகொண்டிருந்தது. நீங்கள் டிரம்பெட்டைச் சாக்கில் சுற்றிப் பரணில் வைத்துவிட்டு அதன் கீழேயே படுத்துக் கிடந்தீர்கள். அதைத்தான் பார்க்கச் சகிக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் தென்னூர்ப் பக்கத்து மைதானத்தில் ராவுத்தர் ஒருவர் சினிமாக் கொட்டகை போட்டார். படங்கள் பேசாத காலம். திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கதை சொல்லுவார்; கீழே ஆர்மோனியமும் தபலாவும் உட்கார்ந்திருக்கும். பால் ஊற்றப் போன இடத்தில் அவர் வீட்டு அம்மாவிடம் உங்கள் கன்றுக்குட்டிக் குரலைப் பற்றி நான்தான் சொன்னேன். மறுநாளே ஆள் வந்தது. ராவுத்தர் உங்களை உட்காரவைத்துச் சொன்னாராம்: "குதிரை வேணும், யானை வேணும், சிங்கம் வேணும். நாய் மட்டும் வந்தா நானே குரைச்சுக்குவேன். ஒரு படம் பாக்கறேன். ஜனங்க ஒத்துக்கிட்டா நீங்க நம்ம கொட்டகை ஆளு."

பரணிலிருந்து சாக்கு இறங்கியது.

சிங்கம் சுலபமாக வந்துவிட்டது. பக்கத்து வீட்டு எருமையின் குரலை அடியில் பிடித்து, டிரம்பெட்டின் வாயைக் கொட்டாங்கச்சியால் பாதி மூடி ஊதினால் சிங்கம். திருச்சியில் யார் சிங்கத்தைக் கேட்டிருக்கிறார்கள்? குதிரைக்கு ஜட்கா வண்டிகள் நிற்கிற இடத்தில் போய் நின்றீர்கள். டிரம்பெட்டின் விசைகளை முழுதும் அழுத்தாமல் பாதியில் நடுங்கவிட்டால் கனைப்பு வந்தது. ஒரு வண்டிக்காரர் நின்று கேட்டுவிட்டு, "இது என் குதிரை இல்லீங்க, அந்தக் கடைசி வண்டிக் குதிரை" என்று சொன்னதை நீங்கள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தீர்கள்.

நமக்குள் சண்டை வந்தது செவலையின் விஷயத்தில்தான். அந்த மாதம் அதன் கன்று செத்துப்போனது. கன்றின் தோலில் வைக்கோலைத் திணித்துப் பக்கத்தில் நிறுத்தினால்தான் பால் இறங்கியது. செவலை அதை நக்கிக்கொண்டே நிற்கும். கறந்து முடித்து, வைக்கோல் கன்றை உள்ளே எடுத்துப் போகும்போது ஒரு குரல் கொடுக்கும். அடியிலிருந்து எழும்பி, நடுவில் உடைந்து, முடியாமலே நிற்கும். உங்களுக்குக் காது சும்மா இருக்குமா? அதையும் ஊதினீர்கள். செவலை முளையைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவந்து, டிரம்பெட்டின் வாயை முகர்ந்து பார்த்தது. உள்ளே மூக்கை நுழைத்துத் தேடியது.

"இதை மட்டும் ஊதாதீங்க. இனி ஒரு தடவை ஊதினா, நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்" என்றேன்.

"சத்தம்தானே புள்ள."

"உங்களுக்குச் சத்தம். அதுக்கு என்னன்னு அதைக் கேளுங்க."

அதன் பிறகு ஊதவில்லை. எனக்குக் கோபம் வந்தால் நீங்கள் பயப்படுவீர்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். அன்று நீங்கள் பயந்து நிறுத்தியதாக எனக்குத் தோன்றவில்லை. செவலையின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினீர்கள்.

பாக்கி இருந்தது யானை. சிங்கத்தில் ஏமாற்றலாம், யானையில் முடியாது. காவேரிக்கு இக்கரையும் அக்கரையும் யானையைப் பார்த்தே வளர்ந்த ஜனங்கள். அதனால் பால் ஊற்றி முடித்ததும் இருவருமாகப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் போவோம். அம்மா மண்டபத்துப் படித்துறைக்குக் கோயில் யானை குளிக்க வரும். நாம் ஓரமாக மணலில் உட்கார்ந்துகொள்வோம். யானை தண்ணீரில் ஒருக்களித்துப் படுக்கும். பாகன் தேங்காய் மட்டையால் தேய்ப்பார். வயிற்றுக்குள் எதுவோ உருளும் சத்தம் கிளம்பி, துதிக்கை நுனியில் கீச்சென்று முடியும். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டிருப்பீர்கள்.

குளித்துவிட்டுப் போகும் மாமி ஒருத்தி ஒருநாள் நின்று கேட்டாள். "ஏண்டியம்மா, தெனமும் வந்து ஆனையையே பாத்துண்டு ஒக்காந்திருக்கேளே, ஏதாவது வேண்டுதலா?"

"அவருக்கு முன்பல்லு போயிடுச்சுங்க, அதான்" என்றேன். வேறு எப்படிச் சொல்வது?

மாமி உங்கள் வாயையும் யானையையும் மாறி மாறிப் பார்த்தாள். "எல்லாம் பெருமாள் பாத்துப்பார்" என்று சொல்லிவிட்டுப் போனாள். திரும்பும்போது பாலத்தின் நடுவில் நின்று, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நாம் சிரித்தோம். பல் போன பிறகு நீங்கள் வாயைத் திறந்து சிரித்தது அன்றுதான்.

முதல் நாள் சாயங்கால ஆட்டத்துக்கு நான் வரவில்லை. செவலைக்கு உடம்பு சரியில்லை. நீங்கள் வந்து சொல்லித்தான் தெரியும். குதிரைக்குக் கைதட்டினார்களாம். சிங்கத்துக்கு ஒரு குழந்தை அழுததாம். பிறகு திரையில் யானை வந்து துதிக்கையைத் தூக்கியது. நீங்கள் ஊதினீர்கள். அக்கரையிலிருந்து வந்திருந்த யாரோ ஒருவர் பெஞ்சில் எழுந்து நின்று, "டேய், யானை குளிக்குதுடா!" என்று கத்தினார். கொட்டகை முழுதும் சிரித்துப் புரண்டது. கதை சொல்பவரே சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு யானை வந்தபோதெல்லாம், "முதுகைத் தேயி, முதுகைத் தேயி" என்று குரல்.

ராவுத்தர் கோபிக்கவில்லை. "நாளைக்கும் இதே படம்தான். நாளைக்கும் குளிச்சா, நீங்க வீட்டோட இருந்துக்குங்க" என்றாராம்.

விடிந்ததும் நீங்கள் ஓடிப்போய்ப் பாகனைக் கேட்டிருக்கிறீர்கள், யானைக்குக் கோபம் வந்தால் எப்படிக் கத்தும் என்று. "வராம இருக்கணும்னுதாங்க நான் தெனம் கும்பிடறேன்" என்று அவர் சொன்னார். வந்து, டிரம்பெட்டை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்தீர்கள். இனி பரணும் இல்லை, ஜால்ராவும் இல்லை, என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

"யானை எதுக்குக் கத்துது? கதையைச் சொல்லுங்க" என்றேன்.

"கோவத்துல."

"அது நீங்க சொல்றது. கதையைச் சொல்லுங்கன்னேன்."

சொன்னீர்கள். யானையை வளர்த்தவனைத் திருடர்கள் காட்டுக்குள் மரத்தில் கட்டிப்போட்டுவிடுகிறார்கள். யானை லாயத்தில் அவனைக் காணாமல் தேடுகிறது. சங்கிலியை அறுத்துக்கொண்டு கிளம்புகிறது.

"அப்ப அதுக்குக் கோவம் இல்லீங்க. ஆளைக் காணோம்னு தேடுது. நம்ம வீட்டிலே தெனமும் கேக்கறீங்களே."

நீங்கள் என்னை நிமிர்ந்து பார்த்தீர்கள். "வேணாம்னியே."

"அது காதுல விழாம ஊதிக்குங்க" என்று சொல்லிவிட்டு, செவலையை அவிழ்த்து ஓட்டிக்கொண்டு போனேன். மன்னார்புரம் வரை போனேன். அப்போது அங்கே வெறும் பொட்டல். அதை மேயவிட்டுவிட்டுக் கருவேல நிழலில் உட்கார்ந்திருந்தேன். ஊரில் நீங்கள் என்ன செய்துகொண்டிருப்பீர்கள் என்று நினைத்தேன். செவலைக்குச் செய்வது துரோகமோ என்றும் நினைத்தேன். அது பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் கொட்டகையில், பெண்கள் பக்கத்து மண்தரையில் நான் உட்கார்ந்திருந்தேன். முதல் நாள் சிரித்தவர்கள் சொல்லித் தெருத்தெருவாகக் கூட்டம் வந்திருந்தது. யானை வருவதற்கு முன்பே, "வாளியைக் கொண்டா" என்று ஒரு குரல். லாயத்தில் யானை திரும்பித் திரும்பிப் பார்த்தது. நீங்கள் ஊதினீர்கள். உருளும் சத்தம் யானையுடையது, அதை அம்மா மண்டபத்தில் எடுத்தீர்கள். அதற்குமேல் எழுந்தது, நடுவில் உடைந்தது, முடியாமல் நின்றது. யாரும் சிரிக்கவில்லை. எனக்குப் பக்கத்தில் இருந்த ஒரு அம்மா, "ஐயோ பாவம்" என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அது நம் வீட்டுப் பசு என்று அத்தனை கூட்டத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். நான் வாய்விட்டு அழுதேன். கன்று செத்த அன்றுகூட நான் அழவில்லை.

அதோடு நீங்கள் கொட்டகை ஆள் ஆனீர்கள். ஒவ்வொரு புதுப் படத்துக்கும் வந்து கதையைச் சொல்லுவீர்கள். கடைசியில், "இதுக்கு என்ன வேணும், சொல்லு" என்பீர்கள். நான் கீரை ஆய்ந்துகொண்டே சொல்லுவேன். தண்ணி வேணும். கூட்டாளி வேணும். ஒண்ணும் வேணாம், சும்மா கத்துது. பிறகு படங்களே பேசத் தொடங்கின, யானை தானே கத்திக்கொண்டது. அதை ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்து, "நம்ம யானை அளவுக்கு இல்லடி" என்று சொல்லிவிட்டுப் படுத்தீர்கள். நன்றாகத் தூங்கினீர்கள். அதற்குள் பாண்டுக்காரர்களே உங்களைத் தேடி வர ஆரம்பித்திருந்தார்கள். கல்யாண ஊர்வலத்தில் மெட்டு முடிந்ததும் ஒரு குதிரையும் ஒரு சிங்கமும் இல்லாவிட்டால் ஜனங்கள் விடவில்லை. செவலையின் குரலை மட்டும் நீங்கள் கல்யாணங்களில் ஊதியதே இல்லை. நான் சொல்லாமலே.

கடைசி மழைக்காலத்தில் உங்களுக்கு ஒரு பக்கம் கையும் காலும் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. உங்கள் அக்கா வந்து, "ஒரு வார்த்தை வரலியே, வெறும் சத்தமாப் போச்சே" என்று அழுதாள். எனக்கு அது அவ்வளவு பெரிய விஷயமாகத் தெரியவில்லை. நீங்கள் சத்தம் போடுவீர்கள், நான் கேட்பேன். தண்ணீர். புரட்டிப் படுக்கவை. அக்காவை வீட்டுக்கு அனுப்பு. பெரும்பாலும் தப்பவில்லை.

ஒருநாள் வெந்நீர் வைத்து, உங்களைச் சாய்த்துப் படுக்கவைத்து, முதுகைத் துணியால் தேய்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் வயிற்றுக்குள் எதுவோ உருண்டது. மேலே வந்து, மூக்கில் கீச்சென்று முடிந்தது. எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது.

"யானை குளிக்குதுங்க" என்றேன்.

வாய் ஒரு பக்கமாகக் கோணி, பல் இல்லாத இடம் தெரியச் சிரித்தீர்கள். மறுநாளும் தேய்த்தேன், அதற்கு மறுநாளும். அந்த வாரத்துக்குப் பிறகு தேய்க்க முதுகு இல்லை.

இன்று எழுத உட்காருவதற்கு முன்பு, டிரம்பெட்டைத் தேய்த்து முடித்துச் சாக்கில் சுற்றிவிட்டு, மாட்டைக் குளிப்பாட்டப் போனேன். இப்போது இருப்பது செவலையின் பேத்தி, கறுப்பு, கொஞ்சம் முரடு. முதுகில் தண்ணீரை ஊற்றி வைக்கோலால் தேய்த்தபோது சுகமாகக் கண்ணை மூடிக்கொண்டு அடிவயிற்றில் ஒரு சத்தம் கொடுத்தது. வீட்டுக்குள் திரும்பிப் பார்த்து, உரக்கவே சொல்லிவிட்டேன்: "இங்க வந்து கேளுங்க, யானை குளிக்குதுங்க."

மாடு மட்டும் காதைத் திருப்பியது. நான் மறுபடியும் தண்ணீர் மொண்டு ஊற்றினேன்.