இடது மூலை வெளிச்சம்

அன்பு மகள் பம்பரத்துக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம். நீயும், முக்கியமாக உன் இடது முழங்காலும், நன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் இங்கே எந்நேரமும் எங்கள் நினைப்பு. அம்மாவுக்கு வலது கண்ணில் புரை எடுத்தாயிற்று. இப்போது மூலையில் இருக்கிற ஒட்டடையெல்லாம் தெரிகிறதாம், இருபது வருஷமாக நான் எதையுமே துடைக்கவில்லை என்று ஒரே சண்டை. மாடிவீட்டுக் குழாய் இன்னும் நம் சமையலறையில்தான் ஒழுகுகிறது. இதெல்லாம் போனிலேயே சொல்லியிருப்பேன். போனில் சொல்ல வாய் வராத ஒன்று இருக்கிறது, அதற்காகத்தான் பேனாவை எடுத்தேன், சுற்றி வளைக்கிறேன் என்று கோபப்படாதே.

இந்த வெளிநாட்டுக் குழுவோடு ஒப்பந்தம் இரண்டு மாதத்தில் முடிகிறது, திரும்பி வந்தால் நம் நடனக் குழுவில் என் இடம் இருக்குமா என்று மூன்று தடவை கேட்டாய். மூன்று தடவையும் இருக்கிறது என்றேன். பொய் சொன்னேன், மகளே. நீ இருந்தபோது ஏழு பேர், இப்போது மூன்று பேர்தான். உனக்குப் பின்னால் இரண்டு பேர் விமானம் ஏறிவிட்டார்கள், ஒருத்தி உடற்பயிற்சிக் கூடத்தில் தொப்பை குறைக்கச் சொல்லிக் கொடுக்கிறாள். நீங்கள் ஆடிப் பழகிய கூடத்தை மெத்தைக் கடைக்காரர் கிடங்குக்கு எடுத்துக்கொண்டார். விழுந்து பழக இனிமேல்தான் சரியான இடம் என்று, மிச்சமிருக்கிற மூன்று பேரில் ஒருவனான நம் நெட்டை சிரித்தான், பிறகு ஒரு பள்ளியின் சாப்பாட்டுக் கூடத்தில் கல் தரையில் விழுந்து பழகினான். நாடு முழுக்க இதே கதைதான். பழைய நடனத்துக்கு மரியாதை இருக்கிறது, சினிமா ஆட்டத்துக்குக் கூட்டம் இருக்கிறது, நவீன நடனம் என்றால் ஏன் ஆடுகிறவர்கள் யாரும் சிரிக்கவே மாட்டேனென்கிறார்கள் என்று கேட்கிறார்கள். விழா நடத்துகிறவர்கள் வெளிநாட்டுக் குழுவுக்கு மாலை ஏழு மணியையும் நம் பிள்ளைகளுக்குப் பகல் இரண்டு மணியையும் கொடுக்கிறார்கள். நீயே இங்கே ஆட வந்தாலும், வெளிநாட்டுக் குழுவோடு வந்தால்தான் ஏழு மணி கிடைக்கும்.

டீச்சர் தான் வளர்த்த குழுவை எவ்வளவோ இழுத்துப் பிடித்துப் பார்த்துவிட்டு, கலைப்பது என்று முடிவெடுத்தார். கடைசி நிகழ்ச்சி போன சனிக்கிழமை மாலை. நீ நாலு வருஷம் ஆடிய தண்ணீர் நடனத்தையே மூன்று பேருக்கு ஏற்ற மாதிரி வெட்டியிருந்தார். நீ தனியாக ஆடும் பகுதி இல்லை, என் லைட் குறிப்பு நோட்டில் அதை நானே பென்சிலால் அடித்தேன். ஆனால் மேளம் நின்று மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும் அந்த இடம் வந்ததும், லைட் போர்டில் என் கை என்னைக் கேட்காமல் ஒன்பதாம் விசையைத் தள்ளிவிட்டது. இடது மூலையில் உன் வெளிச்ச வட்டம் விழுந்தது, அதில் யாரும் இல்லை. உடனே இறக்கினால் தப்பு என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும், அதனால் விசையைத் தொடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நெட்டைதான் முதலில் பார்த்தான். ஆட்டத்தை நிறுத்தி, அந்த வட்டத்தைப் பார்த்தபடி தரையில் உட்கார்ந்தான், மற்ற இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். நான் உன் அடிகளை ஒவ்வொன்றாக மனசுக்குள் எண்ணி, நீ கடைசியாகத் திரும்பும் இடத்தில் வழக்கம்போல மெல்ல இறக்கினேன். அரங்கில் அறுபது பேர் இருந்தால் அதிகம், பாதிப்பேர் ஆடுகிறவர்கள், மீதிப்பேர் அவர்களைப் பெற்றவர்கள். ஒருவர்கூட இருமவில்லை. முப்பது வருஷத்தில் முதல் தப்பு என்று டீச்சரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கண்ணே, அவ ஆடினப்போகூட இவ்வளவு கவனமா யாரும் பார்க்கலை" என்றார். அங்கே சிரித்தேன், திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுதேன்.

மறுநாள் காலை மேடை விரிப்பைச் சுருட்டி அந்தப் பள்ளிக்கே கொடுத்துவிட்டோம். நீ நிற்கும் இடத்துக்கு அடையாளமாக ஒட்டி, யாரும் உரிக்காமல் விட்டிருந்த மஞ்சள் டேப்பை நான்தான் உரித்தேன். அதனால் ஒப்பந்தத்தை அங்கேயே நீட்டித்துக்கொள், மகளே. லீவுக்கு வா, எங்களைப் பார்க்க வா, ஆடலாம் என்று நம்பி வந்துவிடாதே. எப்படியாவது நீ வந்து சேர்ந்தால் போதும், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற ஆசையில்தான் பொய் சொன்னேன், வேறு ஒன்றும் இல்லை. போனில் எப்போதாவது நான் தடுமாறி வா என்று சொன்னாலும் காதில் வாங்காதே.

நீ எங்கே ஆடினாலும் காலுக்கு ஒரு குறையும் வராமல், மனசு நிறைய ஆட வேண்டும், அதுவே எங்கள் ஆசி. முழங்காலுக்கு ஐஸ் வைக்க மறக்காதே. இன்னொன்று, அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. கண் தெரிகிற சந்தோஷத்தில், நீ வந்துவிடுவாய் என்று உன் அறைக்குப் புதுத் திரை தைக்கப்போகிறாள். அவளிடம் சொல்ல எனக்கு ஒரு வாரம் வேண்டும். அதற்குள் அவள் போன் செய்து என்ன நிறம் வேண்டும் என்று கேட்டால், நீலம் என்று சொல்லிவை.

அன்புடன்,
உன் அப்பா