சத்திரக்காரன் கேட்ட கேள்வி

என் பிரியமுள்ள சவரி மச்சானுக்கு,

நீ போய் நாலு மாசம் ஆகிறது. காமாலை கண்டு படுத்தவனைப் பத்தியம் இருக்கச் சொன்னால் நண்டுக் குழம்பு கேட்ட ஆள் நீ. அங்கேயாவது சொன்ன பேச்சைக் கேட்கிறாயா? உன்மேல் எனக்கு உயிர், உன்மேல்தான் எனக்குக் கோபமும். இரண்டும் தீரவில்லை, அதனால் எழுதுகிறேன். ஊரே படித்தாலும் படிக்கட்டும்.

முதலில் ஊர்ச் செய்தி. வருகிற கிறிஸ்துமஸுக்கு நம் பாலன் பிறப்பு நாடகத்தை மறுபடியும் போடப்போகிறார்களாம். நயா பைசா வந்த வருஷம் நீயும் நானும் எழுதினோமே, அதேதான். கோயில் உபதேசியார் வீடு தேடி வந்து, சத்திரக்காரன் வேஷத்தை இந்தத் தடவை நீ கட்டு என்றார். உன் வேஷத்தை, நான். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன்.

அந்த நாடகத்துக்கு நாம் பட்ட பாடு கொஞ்சமா? கரைவலை இழுக்கும்போது பாடுகிற அம்பாப் பாட்டு மெட்டில் இடையர்களுக்குப் பாட்டுக் கட்டினோம். மூன்று ராஜாக்களில் ஒருவர் ரயிலைத் தவறவிட்டு மண்டபம் ஸ்டேஷனில் மூட்டையோடு நிற்பதாக நீ எழுதினாய். இரவல் வாங்கிவந்த கழுதை ஒத்திகையிலேயே தீவனத் தொட்டி வைக்கோலை முழுக்கத் தின்றுவிட்டது. மாதா வேஷத்துக்காக அருளப்பன் மீசையை எடுத்துவிட்டு வந்தபோது பங்குச் சாமியாரே கண்ணில் நீர் வரச் சிரித்தார். நான் மாதாவின் புருஷன் சூசையப்பர். நீ பிள்ளைத்தாச்சி மாதாவுக்கு இடமில்லை என்கிற சத்திரக்காரன், அதாவது பபூன்.

பபூன் மேடையில் எதையும் கூட்டிச் சொல்லலாம், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது என்பது நம் ஊர் வழக்கம். கேலி யார்மேல் விழுந்ததோ அவர் எழுந்துபோய் பபூனுக்கு ஒரு கோலி சோடா கொடுக்க வேண்டும். கொடுத்தால், அது என்னைத்தான் என்று ஒப்புக்கொண்டதாகும். அதோடு பகையும் தீர்ந்தது.

ஒத்திகை நடந்துகொண்டிருந்த நாட்களில்தான் உன்னிடம் அதைச் சொன்னேன். என் தங்கச்சி ஞானம் மங்கலத்துக்காரனைக் கட்டிக்கொண்டு போனது ஊர் அறிந்த விஷயம். நம் கிறிஸ்தவ வேதத்தில் இல்லாதவனைக் கட்டினாள் என்று அய்யா அவள் பேரையே எடுப்பதில்லை. உனக்கு முறைப்பெண் அவள். நீ அன்றைக்கும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாய்.

ஊர் அறியாதது ஒன்று இருந்தது. எட்டு மாத வயிற்றோடு, தலைப்பிரசவத்துக்கு அவள் நம் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அடைமழை பெய்த மத்தியானம், தெருவில் ஆளில்லை. ஆத்தா இல்லாத வீடு என்று தெரிந்தும் வந்தாள். அய்யா கதவைப் பாதி திறந்து, "உள்ள எடமில்ல. வலை ஈரமாக் கெடக்கு," என்றார். அவருக்குப் பின்னால் நான் நின்றேன். அவள் அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். நான் வாய் திறக்கவில்லை. ஒரு குடையைக்கூட எடுத்துக் கொடுக்கவில்லை.

உன்னிடம் மட்டும் சொன்னேன் மச்சான். மாதா மேல் சத்தியம் வாங்கிக்கொண்டு சொன்னேன்.

கிறிஸ்துமஸ் சாயங்காலம். கோயில் முற்றம் கொள்ளாத கூட்டம், முன் வரிசையில் அய்யா. நான் அருளப்பனைக் கைபிடித்து நடத்திவந்து சத்திரக் கதவைத் தட்டினேன். நீ பாதி திறந்து எட்டிப் பார்த்தாய். நாம் எழுதிவைத்த வசனம் வேறு. நீ அய்யாவின் குரலிலேயே சொன்னாய், "உள்ள எடமில்ல. வலை ஈரமாக் கெடக்கு." பெத்லகேமில் ஏது வலை என்று ஜனம் சிரித்தது. அதோடு விட்டாயா? ஆர்மோனியக்காரரைக் கையமர்த்திவிட்டு என்னை நேராகப் பார்த்துக் கேட்டாய்.

"ஏலே, புள்ளத்தாச்சி நிக்கிறா. ஒரு வார்த்தை கேக்க ஒனக்கு வாயில்லையா?"

எனக்கு வசனம் மறந்துபோனதென்று நினைத்து இன்னும் சிரித்தார்கள். உபதேசியார் திரைக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுக்கிறார், கொஞ்சம் இடம் கொடுங்கள் என்று சொல்லப்பா, சொல்லு. மூன்றே சொல். எனக்கு வரவில்லை.

அப்போது அய்யா எழுந்தார். முற்றத்து ஓரத்துக் கடைக்குப் போய் ஒரு சோடாவை வாங்கிவந்து, மேடை விளிம்பில் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தார். அவர் பேசாமல் உட்கார்ந்திருந்தால் ஒரு ஈ காக்கைக்குத் தெரிந்திருக்காது. வழக்கம் என்றால் வழக்கம்தான் அவருக்கு. சோடாவைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. ஊருக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

அன்றிலிருந்து அய்யா என்னிடம் பேசுவதில்லை. உனக்கு யார் சொல்லியிருப்பார்கள் என்று அவருக்குத் தெரியாதா? ஒரே வள்ளத்தில் கடலுக்குப் போகிறோம், வேண்டியதைக் கையால் ஜாடை காட்டுகிறார். உன்னை மட்டும் கடைசிவரை வா மருமகனே என்றுதான் கூப்பிட்டார். சோடா கொடுத்து உன் பகையைத் தீர்த்துவிட்டாரே. வீட்டுப் பேச்சை வெளியே விட்ட மகனோடு பகை தீர்க்க நம் ஊரில் வழக்கம் ஒன்றும் கிடையாது. கூட இருந்தே குழி பறித்தாய் மச்சான். நான் கேட்டபோதெல்லாம், அட நாடகம்தானே என்று சிரித்து மழுப்பினாய்.

இனி உனக்குத் தெரியாத செய்தி. உன் அடக்கத்துக்கு ஞானம் வந்திருந்தாள், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு. குழியில் மண் போட்டுவிட்டு நேரே என்னிடம் வந்து கையைப் பிடித்தாள்.

"எனக்காக அய்யா கால்ல விழுந்து அழுதியாமேண்ணே. சவரி மச்சான் மங்கலத்துக்கு வந்து சொல்லுச்சு. அது போதும் எனக்கு."

எப்போது வந்தான் என்று விசாரித்தேன். நான் உன்னிடம் சொன்ன மறுநாளே பஸ் ஏறியிருக்கிறாய்.

நான் எங்கே அழுதேன்? யார் காலில் விழுந்தேன்? அவளிடம் அந்தப் பொய்யைச் சொல்லிவிட்டு, அதை மெய்யாக்கத்தான் மேடையில் என்னைக் கேட்டாயா? இல்லை, நாலு பேர் சிரித்தால் போதும் என்று கேட்டாயா? உனக்குக் கிடைக்காமல் போனவளுக்காக அய்யாவையும் என்னையும் பழிவாங்கினாயா? உயிரோடு இருந்தபோது ஒரு தரம் சொல்லித் தொலைத்திருக்கலாம்.

அவள் கையை விடவே இல்லை. நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மறுபடியும் வாயை மூடிக்கொண்டுதான் நின்றேன்.

வேஷம் வேண்டாம் என்று நேற்று உபதேசியாரிடம் சொல்லிவிட்டேன். கிறிஸ்துமஸ் பூசை முடிந்ததும் மங்கலத்துக்குப் பஸ் ஏறுகிறேன். அய்யாவுக்குப் பின்னால் சும்மாதான் நின்றேன் என்று அவளிடம் சொல்லப்போகிறேன். அதற்கப்புறம் அவள் என்னை அண்ணன் என்று கூப்பிடுவாளோ மாட்டாளோ. அவளுக்கென்று இருந்த ஒரே ஆறுதலை என் கையாலேயே பிடுங்க வைக்கிறாயே, அதற்குத்தான் உன்னை என்னால் மன்னிக்க முடியவில்லை.

நான் நம்பிச் சொன்னதை நீ ஊருக்குச் சொன்னாய். நீ அவளிடம் சொன்னதைப் பொய் என்று நான் சொல்வேன். இது சத்தியம் மச்சான், நான் காப்பாற்றுவேன்.

இப்படிக்கு,
உன் தாய்மாமன் மகன்
மிக்கேல்